ஹேன்வில்: அமெரிக்கத் தெற்கில் ஒரு சிற்றூர்

(வாசிகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்கா என்றவுடன் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது நியூயோர்க் நகரின் வானளாவிய மாடங்கள்; அல்லது வாஷிங்டனின் வெள்ளை மாளிகை. ஆயிரம் பேர்கூட வதியாத ஒரு சிற்றூரைப் பற்றி ஒரு மணிநேரம் பேசப்போகிறேன் என்று நான் அறிவித்தபோது, நண்பர் ஒருவர், “அந்த ஊரில் பேசுவதற்கு என்ன இருக்கிறது?” என்று வினவினார். நியாயமான வினாவே. பெரிய நாட்டின் அரசியலை அதன் தலைநகரில் கற்கலாம் என்பது பொதுவான எண்ணம். ஆனால் தலைநகரில் எழுதப்பட்ட சட்டம் ஓர் ஏழைக் கமக்காரனின் வாயிலை எட்டுகின்றதா, எட்டினால் எந்த உருவில் எட்டுகின்றது என்பதை அறிய விரும்புவோன் சிற்றூருக்குத்தான் செல்லவேண்டும்.

நான் எடுத்துக்கொண்ட ஊர் ஹேன்வில். அமெரிக்காவின் தென்மாநிலங்களுள் ஒன்றாகிய அலபாமாவில், மாநிலத் தலைநகராம் மொன்ற்கொமரிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 25 மைல் தொலைவில் உள்ளது. நான் அவ்வூருக்குச் சென்றவனல்லன். அதனை நான் அறிந்தது வழக்குத் தீர்ப்புகள் வாயிலாகவும், அவ்வூரைப் பற்றி எழுதப்பெற்ற நூல்கள் வாயிலாகவுமே. சட்டத்தரணி ஒருவன் ஓர் ஊரை அறிய வேண்டுமானால் அதன் கோவிலைக் காட்டிலும் அதன் வழக்கேடுகளையே முதலில் புரட்டுகின்றான். அது எங்கள் தொழிலின் குறைபாடு, பொறுத்தருள்க.

அமெரிக்காவில் ஒரு மாநிலம் பல கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கவுண்டி என்பதை நம் மாவட்டத்துக்கு ஒப்பிடலாம். ஆயினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நம் கச்சேரியிலே அமர்பவர் அரசினால் நியமிக்கப்படுபவர். அங்கே ஷெரிப் எனும் காவல் அதிகாரி, வரி மதிப்பிடுவோர், வரி அறவிடுவோர், மரணசாசன நீதிபதி ஆகிய யாவரும் கவுண்டி வாக்காளரால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஹேன்வில் ஊர் லவுண்ட்ஸ் கவுண்டியின் தலைமையிடம். ஊரின் நடுவே ஒரு சதுக்கம். சதுக்கத்தில் 1856 ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட வெண்ணிறத் தூண்களையுடைய நீதிமன்றம். அந்த ஒரு கட்டிடத்தைச் சுற்றியே ஊர் வாழ்கிறது. காணி உறுதி பதிவதும் அங்கே, விவாகப் பத்திரம் பெறுவதும் அங்கே, வரி கட்டுவதும் அங்கே, வழக்குப் பேசுவதும் அங்கே. வாக்காளர் இடாப்பில் பெயர் பதியச் சென்றதும் அங்கேதான்.

இனி மண்ணைப் பற்றிச் சில சொற்கள். அலபாமாவின் நடுப்பகுதியைக் குறுக்கே கடந்து செல்லும் கரிசல் நிலப்பட்டை ஒன்றுண்டு. மேலே கரிய களிமண். அடியிலே சுண்ணாம்புப் பாறை. பருத்திக்கு இதனினும் உகந்த மண் அரிது. ஆகவேதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்ட முதலாளிமார் தங்கள் அடிமைகளை ஆயிரக்கணக்கில் இங்கு கொணர்ந்து குவித்தனர். 1865 இல் அடிமைமுறை ஒழிந்தது; ஆனால் நிலம் கைமாறவில்லை. விடுதலை பெற்றவர்கள் அதே நிலத்தில் வாரக்குடிகளாயினர். விதை, கோவேறு கழுதை, மாவு, துணி யாவும் முதலாளியின் கடையிலே கடன். அறுவடை முடிந்தபின் கணக்குப் பார்ப்பவரும் முதலாளியே. ஆண்டுதோறும் கணக்கின் முடிவில் கடன் மிஞ்சும். கடன் மிஞ்சியவன் நிலத்தை விட்டுப் போக முடியாது. வாரக்குடியின் துன்பத்தை இந்த அவையில் இருப்போருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

அந்த இருளில் ஓர் ஒளிக்கீற்றையும் சொல்லிவிடுகிறேன். பின்னர் அது பயன்படும். 1892 ஆம் ஆண்டு, சார்லட் தோர்ன், மேபல் டில்லிங்ஹாம் எனும் இரு பெண்மணிகள் இக்கவுண்டியின் கல்ஹூன் எனும் இடத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியை நிறுவினர். எழுத்தும் தொழிலும் கற்பித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. பெருநிலம் வாங்கி, அதனைச் சிறு துண்டுகளாக்கித் தவணை முறையில் கறுப்பினக் குடும்பங்களுக்கு விற்கும் ஏற்பாட்டையும் செய்தனர். சில ஆயிரம் ஏக்கர் இவ்வாறு உழுவோர் கைக்கு வந்தது. கவுண்டி முழுவதையும் நோக்க அது சிறு துளியே. ஆனால் அத்தகைய சிறு துண்டு நிலங்களின் பெறுமதி என்ன என்பது எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரே விளங்கிற்று.

1901 ஆம் ஆண்டு அலபாமா தனக்கொரு புதிய அரசியலமைப்பை இயற்றிக்கொண்டது. அதனை இயற்றக் கூடிய மாநாட்டின் தலைவர் ஜோன் நொக்ஸ், வெள்ளையர் மேலாதிக்கத்தைச் சட்டத்தின் வழியே நிலைநாட்டுவதே தங்கள் நோக்கம் என்பதை மறைக்கவேயில்லை. எப்படி நிலைநாட்டினார்கள்? கறுப்பர் வாக்களிக்கக் கூடாது என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை. எழுதினால் சமஷ்டி அரசியலமைப்பு குறுக்கே நிற்கும். எழுத்தறிவு வேண்டும் என்றார்கள். சொத்து வேண்டும் என்றார்கள். ஆண்டுக்கு ஒன்றரை டொலர் தலைவரி கட்டவேண்டும், கட்டாத ஆண்டுகளின் பாக்கி கூடிக்கொண்டே போகும் என்றார்கள். ஏற்கெனவே வாக்காளராயுள்ள ஒருவர் வந்து சாட்சி சொல்லவேண்டும் என்ற வழக்கமும் பின்னர் சேர்ந்தது. கறுப்பின வாக்காளர் ஒருவர்கூட இல்லாத கவுண்டியில் கறுப்பினத்தவனுக்குச் சாட்சி சொல்ல யார் வருவார்? சட்டத்தின் சொற்களில் நிறம் இல்லை. அதனைக் கையாண்ட கைகளில் இருந்தது. இப்படிப்பட்ட சட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான், சொல்ல முடியவில்லை.

அதன் பயனைக் கேளுங்கள். 1960 ஆம் ஆண்டின் குடிமதிப்பின்படி லவுண்ட்ஸ் கவுண்டியின் சனத்தொகை 15,000க்குச் சற்று மேல். ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பினத்தவர். அவர்களுள் வாக்களிக்கும் வயதினர் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர். 1965 மார்ச் மாதம் பிறந்தபோது வாக்காளர் இடாப்பில் இருந்த கறுப்பினத்தவர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. வெள்ளையரிலோ, வாக்களிக்கும் வயதினர் தொகையைவிட இடாப்பிலிருந்த பெயர்களின் தொகை அதிகம்! இறந்தவர்களும் ஊரை விட்டுப் போனவர்களும் இடாப்பை விட்டுப் போகவில்லை.

அந்த மார்ச் முதலாம் நாள் முப்பதுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் ஒன்றுகூடி ஹேன்வில் நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஜோன் ஹியூலற். அன்று ஒருவர் பெயரும் பதியப்படவில்லை. மீண்டும் சென்றார்கள். அம்மாதத்தின் நடுவில் இருவர் பெயர் பதியப்பட்டது. ஒருவர் ஹியூலற், மற்றவர் கண்பார்வையற்ற ஒரு போதகர். ஐயாயிரம் பேருள் இருவர்! அதே மாதத்தில்தான் மாட்டின் லூதர் கிங் அவர்கள் செல்மாவிலிருந்து மொன்ற்கொமரிக்கு நடத்திய பேரணி இக்கவுண்டியினூடே சென்றது. நெடுஞ்சாலை இங்கு ஒடுங்கியிருந்தமையால், இப்பகுதியில் 300 பேரே நடக்கலாம் என்று நீதிமன்றக் கட்டளை இருந்தது. பேரணி முடிந்த இரவு, மார்ச் 25 ஆம் நாள், பேரணியாளரைத் தன் காரில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த வயோலா லியூசோ எனும் வெள்ளையினத் தாய் இந்த நெடுஞ்சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

உலகப் பத்திரிகைகள் பேரணியோடு வந்தன, பேரணியோடு போயின. ஆனால் ஊர் அங்கேயே இருந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 6 ஆம் நாள் ஜனாதிபதி ஜோன்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். சில நாட்களுள் சமஷ்டி அரசின் பதிவாளர்கள் இக்கவுண்டிக்கு வந்து, ஃபோர்ட் டெப்பொசிட் எனும் ஊரில் அலுவலகம் திறந்தார்கள். அதே ஊரில் ஓகஸ்ட் 14 ஆம் நாள், கறுப்பரை ஏமாற்றி விலை வாங்கிய கடைகளின் முன்னே இளைஞர்கள் மறியல் செய்தார்கள். கைதுசெய்யப்பட்டு ஹேன்வில் சிறையில் அடைக்கப்பட்டவர்களுள் ஜொனதன் டானியல்ஸ் எனும் 26 வயது இறையியல் மாணவரும் ஒருவர். வடக்கிலிருந்து வந்த வெள்ளையர். ஆறு நாட்களின் பின், ஓகஸ்ட் 20 ஆம் நாள், அவர்களைத் திடீரென விடுவித்து வீதியில் விட்டார்கள். அழைத்துச் செல்ல வாகனம் இல்லை. வெயில் கடுமை. டானியல்ஸும் ஒரு கத்தோலிக்கக் குருவும் இரு கறுப்பினப் பெண்களும் அருகிலிருந்த கடைக்குக் குளிர்பானம் வாங்கச் சென்றார்கள். கடை வாயிலிலே துப்பாக்கியுடன் நின்றவர் ரொம் கோல்மன். மாநில நெடுஞ்சாலைத் திணைக்களத்தின் ஊழியர், ஷெரிப்பின் சம்பளமற்ற துணையாளர். துப்பாக்கி ரூபி சேல்ஸ் எனும் 17 வயதுப் பெண்ணை நோக்கித் திரும்பியபோது டானியல்ஸ் அவளைத் தள்ளிவிட்டுத் தாம் குண்டை ஏற்றார். அங்கேயே இறந்தார். குருவானவரும் சுடப்பட்டுப் படுகாயமடைந்தார்.

இப்பொழுது நீதிமன்றத்துக்குள் செல்வோம். ஒரு சிற்றூரின் வாழ்க்கை முழுவதும் அந்த வழக்கில் அடங்கியிருக்கின்றது.

சுமத்தப்பட்ட குற்றம் கொலை அன்று. அதனினும் குறைந்த கைமோசக் கொலை. மாநிலச் சட்டமா அதிபர் குற்றச்சாட்டை உயர்த்த முயன்றார், பலிக்கவில்லை. இறந்தவர் கத்தியோடு வந்தார், தற்காப்புக்காகவே சுட்டேன் என்பது எதிரியின் வாதம். ஜூரர் பன்னிருவரும் வெள்ளை ஆண்கள். எதிரியை அறியாதவர் அந்த ஊரில் இல்லை. அவருடைய சகோதரி கவுண்டிப் பள்ளிகள் அனைத்துக்கும் அதிபதி. அவருடைய தந்தையாரும் முன்னர் அந்தப் பதவியிலும் ஷெரிப் பதவியிலும் இருந்தவர். 1965 செப்டெம்பர் 30 ஆம் நாள் குற்றவாளியல்லர் என்ற தீர்ப்புப் பெற்று அவர் வெளியே வந்தார். அடுத்த மாதம் அதே மண்டபத்தில், வயோலா லியூசோவைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவரும் விடுதலையானார்.

சட்டம் இல்லையா? இருந்தது. நீதிபதி இல்லையா? இருந்தார். சாட்சிகள் இல்லையா? கண்ணால் கண்டவர்கள் கூண்டிலேறிச் சொன்னார்கள். இருந்தும் நீதி கிட்டவில்லை. காரணம், சிற்றூரில் நிலவுடைமை, ஷெரிப் பதவி, பள்ளி நிர்வாகம், வாக்காளர் இடாப்பு, ஜூரர் பெட்டி ஆகிய யாவும் ஒரே உறவுமுறைக்குள் அடங்கிக் கிடந்தன. பெருநகரத்தில் ஓர் அலுவலகத்தின் அநீதியை எதிர்த்து மற்றோர் அலுவலகத்துக்குப் போகலாம். ஹேன்வில்லில் எந்தக் கதவைத் தட்டினாலும் திறப்பவர் அதே ஆள்.

அந்த ஜூரர் பெட்டியை உடைத்த வழக்கு ஒன்று உண்டு. சட்டம் பயிலும் இளைஞர்கள் அதனைத் தேடிப் படிக்கவேண்டும். வைற் எதிர் குரூக் என்பது அதன் பெயர். கார்டீனியா வைற் எனும் கறுப்பினப் பெண்மணியும் பிறரும் கவுண்டியின் ஜூரர் ஆணையாளர்களுக்கு எதிராக 1965 இல் சமஷ்டி நீதிமன்றத்தில் தொடுத்தது. கறுப்பினத்தவர் எவரும் லவுண்ட்ஸ் கவுண்டியில் ஒருபோதும் ஜூரராக அமர்ந்ததில்லை என்பது அங்கே நிரூபிக்கப்பட்டது. அதனோடு நிற்கவில்லை. அக்காலத்தில் அலபாமாச் சட்டப்படி எந்த நிறப் பெண்ணும் ஜூரராக அமர முடியாது. நாடு முழுவதிலும் அவ்வாறு முற்றாக விலக்கிய மாநிலங்கள் அலபாமா, மிசிசிப்பி, தென் கரோலினா ஆகிய மூன்றே. போலி மறே, டொரதி கென்யன் என்ற இரு பெண் சட்டத்தரணிகள் அவ்விலக்கையும் இதே வழக்கில் சேர்த்து வாதத்தை அமைத்தார்கள். 1966 பெப்ரவரி 7 ஆம் நாள் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்: நிறத்தால் விலக்கியதும் தவறு, பெண்ணாயிருத்தலால் விலக்கியதும் தவறு. அமெரிக்கப் பெண்களின் சட்டச் சமத்துவ வரலாற்றில் இடம்பெறும் ஒரு தீர்ப்பு, ஆயிரம் பேர் வதியும் ஓர் ஊரின் கொலை வழக்கு எழுப்பிய கொதிப்பிலே உருவாயிற்று.

இனி நிலத்துக்கு வருகிறேன். சமஷ்டிப் பதிவாளர் முன்னிலையில் பெயர் பதிந்த வாரக்குடிகளுக்கு முதலாளிமார் அளித்த பதில் மிகச் சுருக்கமானது: வீட்டைக் காலி செய். ஸ்டோக்லி கார்மைக்கலும் சார்ல்ஸ் ஹமில்ற்றனும் 1967 இல் வெளியிட்ட நூலின் கணக்குப்படி, 86 வெள்ளைக் குடும்பங்களே கவுண்டியின் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறை வைத்திருந்தன. அந்நிலையில் வெளியேற்றப்பட்டவன் எங்கே போவான்? 1965 டிசெம்பரின் இறுதியில் நெடுஞ்சாலையோரம் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான காணியொன்றில் கூடாரங்கள் எழுந்தன. கூடார நகரம் என்று அதற்குப் பெயர். மாரிக் குளிரில், சேற்றில், இரவிலே துப்பாக்கிச் சூடு கேட்கும் அச்சத்தில் குடும்பங்கள் அங்கே கிடந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அக்கூடாரங்கள் நின்றன. வாக்குச் சீட்டின் விலை ஒரு வீடு என்றால், நம்முள் எத்தனை பேர் அந்த விலையைக் கொடுப்போம்? சொந்தக் காணி உடையவர்களை எவராலும் வெளியேற்ற முடியவில்லை. அவர்களே கூட்டத்துக்கு இடங்கொடுத்தார்கள், வெளியூர்த் தொண்டர்களுக்குப் படுக்கை கொடுத்தார்கள். கல்ஹூன் பள்ளியின் சிறு துண்டு நிலங்களைப் பற்றி முன்னர் நான் கூறியது இதற்காகவே.

அடுத்தது கட்சி. மாநிலத்தை ஆண்ட ஜனநாயகக் கட்சியின் சின்னம் அன்று வெண்சேவல். அதன் தலைமேல் வெள்ளையர் மேலாதிக்கம் என்ற சொற்கள், 1966 இல்தான் நீக்கப்பட்டன. கறுப்பின வாக்காளர் பெருகியதும் வேட்பாளர் கட்டுப்பணத்தை 50 டொலரிலிருந்து 500 டொலராக உயர்த்தினார்கள். அக்கட்சிக்குள் புகுவதா, தனிக் கட்சி அமைப்பதா என்ற விவாதம் எழுந்தது. கவுண்டி அளவில் தனிக் கட்சி அமைக்க மாநிலச் சட்டத்திலேயே ஓர் இடம் உண்டு என்பதைத் தொண்டர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஹியூலற் தலைமையில் லவுண்ட்ஸ் கவுண்டி விடுதலை அமைப்பு பிறந்தது; கருஞ்சிறுத்தை அதன் சின்னம். ஓக்லண்ட் நகரத்து இளைஞர்கள் அதே சின்னத்தை எடுத்துக்கொண்டு உலகறிந்தது பிந்திய கதை. சிறுத்தை பிறந்தது இந்தப் பருத்திக் காட்டிலேதான். சின்னம் பார்த்து வாக்களிப்பது எப்படி என்று எழுதப்படிக்கத் தெரியாத முதியோருக்கு மாதாகோவில் தோறும் வகுப்பு நடந்தது. ஷெரிப்பின் கடமை என்ன, வரி மதிப்பிடுவோரின் கடமை என்ன என்று படம் வரைந்து நூல் அச்சிட்டார்கள். இயக்கவேலை செய்யும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்க. ஆவேசப் பேச்சு ஓர் இரவுக்குப் போதும். பதவியின் கடமையை வாக்காளனுக்குக் கற்பிக்கப் பல மாதங்கள் வேண்டும்.

1966 நவம்பர் தேர்தலில் அவ்வமைப்பின் வேட்பாளர் எழுவரும் தோற்றனர். முதலாளிமார் தங்கள் வாரக்குடிகளை லொறிகளில் ஏற்றி வந்து தாங்கள் விரும்பியவருக்கு வாக்களிக்கச் செய்தார்கள். நான்கு ஆண்டு சென்றது. 1970 இல் ஜோன் ஹியூலற் ஷெரிப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்பதவியை வகித்தார். பின்னர் மரணசாசன நீதிபதியுமானார். பெயர் பதிய வந்தபோது திருப்பி அனுப்பிய அதே கட்டிடத்தில்! 2006 இல் அவர் மறைந்தார்.

இந்த இடத்தில் பேச்சை நிறுத்தினால் நீங்கள் கைதட்டி வீட்டுக்குப் போவீர்கள். நிறுத்த முடியாது.

பதவிகள் கறுப்பினப் பெரும்பான்மையினர் கைக்கு வந்தன. பணப்பெட்டி வந்ததா? அலபாமாவில் கவுண்டிக்குச் சுயாட்சி அதிகாரம் மிக மிகக் குறைவு. ஒரு கவுண்டி தன் காணி வரியை உயர்த்த விரும்பினால் மாநிலச் சட்டசபையின் வாயிலில் நிற்கவேண்டும். பல வேளைகளில் அரசியலமைப்பையே திருத்தவேண்டும். கரிசல் நிலக் கவுண்டிகளில் கறுப்பினத்தவர் பதவிக்கு வரத் தொடங்கிய அந்த ஆண்டுகளில்தான், 1972 இலும் 1978 இலும், காணி வரிக்கு மேலும் பூட்டுப் போடும் திருத்தங்களை மாநிலம் நிறைவேற்றிற்று. பருத்தி போய், நிலம் மேய்ச்சலுக்கும் பைன் மரக் காட்டுக்கும் மாறியிருந்தது. காட்டு முதலாளி கட்டும் வரி அற்பம். அந்த வரியில்தான் பள்ளிக்கூடம் நடக்கவேண்டும். வெள்ளையர் 1966 இலேயே தம் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியொன்றை அமைத்துக்கொண்டமையால், பொதுப் பள்ளியின் வறுமை அவர்களைச் சுடவில்லை. இவ்வரிப் பூட்டுகளை எதிர்த்து அலபாமாவின் வேறு கவுண்டிகளிலிருந்து தொடுக்கப்பட்ட வழக்கிலே, 2011 இல் சமஷ்டி நீதிபதி ஒருவர் மாநிலத்தின் இனவெறி வரலாற்றை நூற்றுக்கணக்கான பக்கங்களில் எடுத்துரைத்துவிட்டு, கேட்ட நிவாரணத்தை மறுத்தார். 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வாறே முடிவுசெய்தது.

சமஷ்டி என்ற சொல்லை நாம் பல்லாண்டாக உரத்துக் கூறி வருகின்றோம். அலபாமாவில் மாநில உரிமை என்ற முழக்கத்தை எழுப்பியவர்கள் ஒடுக்கப்பட்டவர்கள் அல்லர், ஒடுக்கியவர்கள். மத்தியிலிருந்து பறித்த அதிகாரம் மாநிலத் தலைநகரில் தங்கிவிட்டது, ஹேன்வில்லுக்கு இறங்கவில்லை. இதனால் சமஷ்டிக் கொள்கை பிழை என்று நான் கூறவில்லை. அதிகாரம் எந்தப் படியில் வந்து நிற்கிறது என்று நாமும் கேட்டுக்கொள்ளல் நன்று.

அங்கே இன்றைய வாழ்வு எப்படி? கவுண்டியின் சனத்தொகை 2020 குடிமதிப்பில் பதினாயிரத்துச் சொச்சம். 1960 ஐவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இளைஞர் வேலை தேடி வெளியேறுகின்றனர். உள்ளவர்களிற் பலர் நாள்தோறும் மொன்ற்கொமரிக்குக் காரோட்டிச் செல்கின்றனர். 2005 இல் அங்கே கொரிய மோட்டார் தொழிற்சாலையொன்று திறந்தது. ஞாயிற்றுக்கிழமையில் மாதாகோவில், நீண்ட பாட்டு, நீண்ட பிரசங்கம், அதன்பின் பந்தி. ஓகஸ்ட் மாதத்தில் வெளியூரிலிருந்து யாத்திரிகர் வந்து, டானியல்ஸ் சிறையிருந்த இடத்திலிருந்து சுடப்பட்ட இடத்துக்கு நடந்து, கோல்மனை விடுதலை செய்த அதே நீதிமன்ற மண்டபத்தில் ஆராதனை நடத்துகின்றனர். சதுக்கத்தில் டானியல்ஸுக்கு ஒரு நினைவுக்கல்லும் உண்டு.

ஆனால் வீட்டுக் கொல்லைக்குச் சென்று பாருங்கள். பருத்திக்கு உகந்த அந்தக் களிமண்ணில் நீர் ஊறாது. சாதாரண மலக்குழி அங்கே வேலை செய்யாது. மேடு கட்டி அமைக்கும் விசேட முறைக்குப் பதினையாயிரம், இருபதினாயிரம் டொலரும் அதற்கு மேலும் வேண்டும். அந்தத் தொகை அங்குள்ள பல குடும்பங்களின் ஓராண்டு வருமானத்தில் பாதிக்கு மேல். ஆகவே வீட்டுக் கழிவு ஒரு குழாய் வழியே வெளியே வந்து கொல்லையிலே திறந்த பள்ளத்தில் தேங்குகிறது. ஊர்க் கழிவுக் குளத்தோடு இணைக்கப்பட்டுக் கட்டணம் செலுத்தும் வீடுகள் சிலவற்றிலும் மழைக்காலத்தில் கழிவு மீண்டும் உள்ளே பாய்கிறது. 2017 இல் வெளியான மருத்துவ ஆய்வொன்றில் சோதிக்கப்பட்ட 55 பேரில் மூன்றில் ஒரு பங்கினரிடம் கொளுக்கிப்புழுவின் தடயம் காணப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் இக்கொல்லைகளை நேரிற் பார்த்த ஐக்கிய நாடுகளின் வறுமை பற்றிய விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், செல்வ நாடுகளில் இத்தகைய காட்சியைத் தாம் கண்டதில்லை என்றார். உலகின் முதற் செல்வ நாட்டிலே!

இதனினும் கொடியது, சட்டம் இதனை எப்படிக் கண்டது என்பதே. முறையான மலக்குழி இல்லாதவர் மீது குற்றவழக்கு! ஏழ்மையைத் தீர்க்காத அரசு ஏழையை நீதவான் முன் நிறுத்தியது, கைதானவர்களும் உண்டு. அக்கவுண்டியில் வளர்ந்தவரான கதரின் கோல்மன் ஃபிளவர்ஸ் எனும் பெண்மணி இந்தச் செய்தியை இருபதாண்டுகளாக ஊரூராய்ச் சுமந்து சென்றார். உதவிப் பணம் வந்தாலும் காணியின் உரிமைப் பத்திரம் தெளிவாயில்லை. பாட்டன் மரணசாசனம் எழுதாமல் இறந்தான். காணி பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பிரிபடாத பங்காய்ச் சென்றது. பங்காளிகளிற் பாதிப்பேர் சிக்காகோவில். நம் ஊரில் பிரிவினை வழக்குப் பேசிய எவருக்கும் இந்தத் தலைவலி நன்கு பழகியது. ஒரு பங்காளியின் பங்கை வெளியாள் வாங்கி முழுக் காணியையும் ஏலத்துக்குக் கொண்டுவரும் சூழ்ச்சி அங்கும் உண்டு. 2015 முதல் அலபாமாவில் நடைமுறைக்கு வந்த சட்டம் அதற்கு ஓரளவு தடை விதித்துள்ளது.

2021 இல் சமஷ்டி நீதித் திணைக்களம் விசாரணையைத் தொடங்கிற்று. 1964 ஆம் ஆண்டின் குடியுரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதி, சமஷ்டிப் பணம் பெறும் எந்த நிறுவனமும் இனபேதம் காட்டலாகாது என்கிறது. அலபாமாப் பொதுச் சுகாதாரத் திணைக்களம் அப்பணம் பெறுவது. 2023 மே மாதம் ஓர் ஒப்பந்தம் எழுந்தது: கழிவு பற்றிய குற்றவழக்குகளை நிறுத்துவது, எந்த வீட்டுக்கு எது தேவை என்று கணக்கெடுப்பது, திட்டம் வகுப்பது. 2025 ஏப்ரலில், பதவிக்கு வந்த புதிய நிருவாகம், இது பன்மைத்துவக் கொள்கையின் பாற்பட்டது, அக்கொள்கை கைவிடப்பட்டது என்று கூறி ஒப்பந்தத்தை ஒரு கடிதத்தால் முடித்தது. ஒதுக்கிய நிதி உள்ளவரையிலும் மலக்குழி அமைக்கும் பணி தொடரும் என்று மாநிலத் திணைக்களம் சொல்லிற்று.

இளைஞர்களே, இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அந்த ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தில் சமஷ்டித் திணைக்களங்கள், மறுபக்கத்தில் மாநிலத் திணைக்களம். ஹேன்வில் மக்கள் அதில் கட்சிக்காரர் அல்லர். அப்படியானால் அவர்களே ஆறாம் பகுதியின் கீழ் வழக்குத் தொடரலாமே என்பீர்கள். வேண்டுமென்று செய்த பேதம் என்று நிரூபிக்க முடிந்தால் தொடரலாம். எண்ணம் எதுவாயினும் விளைவிலே பேதம் உண்டு என்று காட்டி வழக்காடும் உரிமை தனிமனிதனுக்கு இல்லை, அது அரசுக்கே உரியது என்று 2001 இல் உச்சநீதிமன்றம் ஐவருக்கு நால்வராய்த் தீர்ப்பளித்தது. சாரதி அனுமதிப்பத்திரப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்துவோம் என்ற ஒரு மாநிலத்தின் விதியை எதிர்த்து, ஆங்கிலம் அறியாத ஒரு பெண் தொடுத்த வழக்கு அது. அந்த மாநிலமும் அலபாமாவே.